‘மற்றும்’ வேண்டுமா, ‘உம்’ போதுமா? இணைப்புச் சொற்கள் ஓர் ஒப்பீடு

தமிழில் கருத்துகளைக் கோக்க இரண்டு வழிகள் உண்டு. ஆனால், எனவே, மேலும், மற்றும் என்று தனிச்சொல்லை நடுவில் வைக்கலாம். அல்லது ‘பெய்தும்’, ‘பெய்ததால்’, ‘பெய்ய’ என்று சொல்லின் வாலிலேயே இணைப்பை ஒட்டிவிடலாம். எழுத்து கோவையாக ஓடாதபோது பலரும் முதல் வகையையே கூட்டிப் பார்க்கிறார்கள். முதலில் தேட வேண்டியது இரண்டாவதை.

எண்ணிச் சொல்லும் இடத்தில் தொடங்குவோம். இரண்டு மூன்று பொருள்கள் என்றால் ‘உம்’ சிறந்தது. ‘இடம்’, ‘ஐ’ போன்ற வேற்றுமை உருபு வரும்போது அதன் பலன் பளிச்சென்று தெரியும். ‘ஆசிரியர் மற்றும் மாணவர்களிடம் கேட்டார்’ என்பதில் உருபு கடைசிச் சொல்லில் மட்டும் தொங்குகிறது. ‘ஆசிரியர் கேட்டார்’ என்று ஒரு கணம் தவறாகப் படிக்க நேர்கிறது. ‘ஆசிரியரிடமும் மாணவர்களிடமும் கேட்டார்’ என்பதில் அந்தத் தடுமாற்றம் இல்லை. ஒன்றுக்கு ‘உம்’ கொடுத்தால் எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டும். ‘தலைப்பு, முன்னுரையும் நீளம்’ என்பது நொண்டும். தனியாக நிற்கும் உம்முக்கு வேறு வேலை. ‘முருகனும் வந்தான்’ என்றால் பொதுவாக அவனைத் தவிர வேறு யாரோவும் உண்டு என்று பொருள். தொல்காப்பியம் இந்த ‘உம்’முக்கு எட்டுப் பொருள் சொல்கிறது. எண்ணுதல் அவற்றில் ஒன்றுதான்.

நான்கைத் தாண்டினால் ‘உம்’ காதை உறுத்தும். அங்கே காற்புள்ளியிட்டு ‘ஆகிய’ அல்லது ‘முதலிய’ போட்டு முடிக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. ‘க், ச், ட், த், ப், ற் ஆகிய ஆறும் வல்லினம்’ என்பதில் பட்டியல் முழுமையானது. ‘க், ச் முதலிய வல்லின எழுத்துகள்’ என்றால் சொல்லாதவையும் உண்டு. ‘மற்றும்’ பெயர்ப்பலகைக்கும் துறைப் பெயருக்கும் பொருந்தும். ஓடும் உரைநடையில் அதற்கு அநேகமாக இடமே இல்லை.

முரணைக் காட்ட ‘ஆனால்’ நல்லதா, ‘பெய்தும்’ நல்லதா? ‘மழை பெய்தது. ஆனால் ஏரி நிரம்பவில்லை’ என்பதில் இரண்டு செய்திக்கும் சம எடை. ‘மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை’ என்பதில் மழை பின்னால் போய், நிரம்பாத ஏரி முன்னால் வருகிறது. அடுத்த பத்தி ஏரியைப் பற்றியது என்றால் பின்னதே சரி. நடந்துவிட்டதற்கே ‘பெய்தும்’, இனி நடக்கக்கூடியதற்கும் பொதுவானதற்கும் ‘பெய்தாலும்’. ‘மாறாக’ இவற்றுக்கு மாற்று ஆகாது. முன் வாக்கியம் ஒன்றை மறுத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் வேறொன்றை வைக்கவே அது வரும்.

மிக அதிகமாகக் குழம்புவது ‘அதனால்’, ‘எனவே’ இரண்டிலும்தான். ‘இரவில் மழை பெய்தது. அதனால் தரை நனைந்தது.’ இங்கே மழை காரணம், ஈரம் விளைவு. இப்போது திருப்பிப் பாருங்கள்: ‘தரை நனைந்திருக்கிறது. எனவே இரவில் மழை பெய்திருக்க வேண்டும்.’ ஈரம் மழைக்குக் காரணம் இல்லை. நம் முடிவுக்குத்தான் ஆதாரம். இங்கே ‘அதனால்’ போட்டால் ஈரத்தால் மழை வந்தது போலாகிவிடும். நிகழ்ச்சிகளைத் தொடுக்க ‘அதனால்’, ஊகத்தைத் தொடுக்க ‘எனவே’ என்று பிரித்துக்கொண்டால் வாதம் தெளிவாகும். ‘ஏனெனில்’ என்று தொடங்கி ‘என்பதால்’ என்று முடிப்பது காரணத்தை இரண்டு முறை சொல்வது, ஒன்றை வெட்டுங்கள்.

வினையெச்சத்தால், அதாவது முற்றுப்பெறாத வினையால், இணைப்பதிலும் பொறி உண்டு. ‘செய்து’, ‘திறந்து’ போன்ற எச்சம் பொதுவாக அதே எழுவாயின் வினையில் முடிய வேண்டும். ‘அவர் கதவைத் திறந்து காற்று உள்ளே வந்தது’ என்பது தவறு. ‘திறந்ததும்’ அல்லது ‘திறக்க’ என்று மாற்றினால் எழுவாய் மாறலாம். (‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போன்ற காரணத் தொடர்கள் விலக்கு.) ஒரே வாக்கியத்தில் மூன்று எச்சங்களுக்கு மேல் போனால் யார் எதைச் செய்தார் என்பது நழுவும். அங்கே முற்றுப்புள்ளி வைத்து, தனி இணைப்புச் சொல்லைக் கொண்டுவருவதே மேல்.

‘மேலும்’ என்று தொடங்கும் வாக்கியங்களை எழுதி முடித்த பின் சோதிக்கலாம். அந்தச் சொல்லை மறைத்துப் படியுங்கள். ஓட்டம் கெடவில்லை என்றால் நீக்கிவிடுங்கள். கெடுகிறது என்றால் பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருக்கும்: முன் வாக்கியத்தின் முக்கியச் சொல் பின் வாக்கியத்தில் திரும்ப வந்திருக்காது. ‘இந்த ஈரம்’, ‘அத்தகைய பிழை’ என்று அதையே சுட்டித் தொடங்கினால் ‘மேலும்’ தேவைப்படாது.