பிக்கப் வேனுக்குக் காத்திருந்த கதை: ஐஸ்லாந்து டூர்கள், நாலு பயண அனுபவம்

கல்லூரி நண்பன் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டான். "பிப்ரவரில குடும்பத்தோட ஐஸ்லாந்து போறோம்டா. நார்தர்ன் லைட்ஸ் பஸ் டூர் புக் பண்ணிடலாமா? பிக்கப்போட இருக்கு." பண்ணு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குப் பழைய குளிர் ஏறிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அவனும் படிக்கட்டும்.

நான் கோபன்ஹேகனில் வேலை பார்க்கிறேன். ஐஸ்லாந்துத் தலைநகர் ரெய்க்யாவிக்கில் எங்களுக்கு ஒரு கிளையண்ட். அந்தச் சாக்கில் 2022 நவம்பரில் தொடங்கி 2024 அக்டோபர் வரை நாலு முறை போய்விட்டேன். ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்ததும் இரண்டு மூன்று நாள் சொந்தச் செலவில் தங்கி ஏதாவது டூர் எடுப்பேன். பனியாறு, சில்ஃப்ரா நீர்ப்பிளவு, கோல்டன் சர்க்கிள் என்கிற சுற்றுலாப் பாதை, அப்புறம் இந்த அரோரா பஸ், அதாவது ராத்திரி வானத்தில் ஆடும் நார்தர்ன் லைட்ஸ் ஒளியைப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போகிற வண்டி. ஊர் அழகு, விலை அதிகம், காற்று அடிக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் பேச வந்தது பிக்கப்பைப் பற்றி.

பிக்கப் என்றால் ஹோட்டல் வாசலுக்கு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்றுதானே நினைப்போம்? ரெய்க்யாவிக் மையப்பகுதியில் அது நடக்காது. குறுகலான தெருக்களில் ராத்திரி பகல் பாராமல் டூர் பஸ்கள் உறுமிக்கொண்டு நின்றதில் குடியிருப்பவர்கள் பொறுமை இழக்க, 2017-ல் நகராட்சி பெரிய பஸ்கள் உள்ளே வரவே தடை போட்டுவிட்டது. அது நியாயம்தான், நான் அங்கே குடியிருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அதற்குப் பதிலாக எண் போட்ட நிறுத்தங்கள் இருக்கின்றன. உங்கள் ஹோட்டலுக்கு எது பக்கமோ அங்கே போய் நிற்க வேண்டும். எனக்கு வாய்த்தது 8-ஆம் எண், ஹால்கிரிம்ஸ்கிர்க்யா சர்ச் பக்கத்தில். 74.5 மீட்டர் உயரக் கோபுரம், அதுவும் மேட்டின் உச்சியில். காற்றுக்கு அதைவிட வசதியான இடம் ஊரில் கிடையாது.

டிக்கெட்டில் போட்டிருந்தது: பிக்கப் இரவு 8 மணிக்குத் தொடங்கும், 30 நிமிடம் வரை ஆகலாம். அதாவது நீங்கள் எட்டு மணிக்கே நிற்க வேண்டும், வண்டி எட்டரைக்குள் எப்போது வேண்டுமானாலும் வரும். முதல் தடவை எட்டுக்கு ஐந்து நிமிடம் முன்பே போய்விட்டேன், நம்மூர் ரயில் பழக்கம். எதிரே அந்தக் காலத்திலேயே வட அமெரிக்காவுக்குக் கப்பலோட்டிய லெய்ஃப் எரிக்சன் சிலை. 1930-ல் அமெரிக்கா கொடுத்த பரிசு. கையில் கோடாரியோடு கம்பீரமாக நிற்கிறார், அவருக்குக் குளிரவில்லை. நான் மங்கி குல்லாய்க்கு மேல் இன்னொரு குல்லாய் போட்டுக்கொண்டு, போனைப் பார்க்கக் கையுறையைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எட்டேகாலுக்கு ஒரு வேன் வந்தது, வேறு கம்பெனி. எட்டு இருபதுக்கு இன்னொன்று, அதுவும் வேறு. ஒவ்வொரு வேனுக்கும் நிறுத்தத்தில் இருந்த பத்துப் பேரும் ஓடுகிறோம், டிரைவர் பட்டியலைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார், திரும்பி வருகிறோம். எட்டு முப்பத்தெட்டுக்கு எங்கள் வேன் வந்தது. ஏறி உட்கார்ந்து கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைப்பதற்குள் இறங்கச் சொன்னார்கள். பஸ் டெர்மினல் வந்துவிட்டதாம்! அங்கே மறுபடி வரிசை, மறுபடி டிக்கெட் காட்டல், பெரிய பஸ் கிளம்பும்போது மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது.

நாலாவது பயணத்தில்தான் மேப்பை ஒழுங்காகப் பார்த்தேன். சர்ச்சிலிருந்து அந்த டெர்மினலுக்கு நடந்தால் கால் மணி நேரம். அதுவும் இறக்கம். இதற்குத்தான் நாற்பது நிமிடம் விறைத்து நின்றிருக்கிறேன். ஒரு வழிகாட்டியிடம் கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே "தெத்தா ரெட்டாஸ்ட்" என்றார். எப்படியோ சரியாகிவிடும் என்று அர்த்தம், அந்த ஊர்க்காரர்கள் எதற்கும் சொல்கிற வார்த்தை. நம்மூர் 'பார்த்துக்கலாம் சார்'தான், வேறொன்றுமில்லை.

டூர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 2023 ஜூலையில் கார் எடுத்து நானே ஓட்டிக்கொண்டு போன இரண்டு டூர்களைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்ல முடியாது. (அதே மாதம் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் எரிமலை வேறு பொங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் போய்வர 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்றார்கள், விட்டுவிட்டேன். இப்போது வருத்தமாக இருக்கிறது.)

சில்ஃப்ரா திங்வெட்லிர் தேசியப் பூங்காவுக்குள் தண்ணீர் நிறைந்து கிடக்கும் ஒரு பாறைப் பிளவு, அதில் மிதந்தபடி நீந்திப் பார்ப்பதுதான் டூர். லாங்யோகுல் பனியாற்றின் நீர் எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் வடிகட்டப்பட்டு இங்கே வந்து சேர்கிறது. வருடம் முழுக்க 2 முதல் 4 டிகிரி. ட்ரை சூட் என்ற தண்ணீர் புகாத உடையை மாட்டிவிடுகிறார்கள். தலையை அதன் கழுத்து ரப்பருக்குள் நுழைக்கும்போது மறுபடி பிறப்பது போலத்தான் இருந்தது, காது மடங்கி, முடி பிடுங்கி. வெளியே வந்ததும் கழுத்தைச் சுற்றி இன்னொரு பட்டை இறுக்கினார்கள், எச்சில் விழுங்கவே யோசிக்க வேண்டியிருந்தது. தண்ணீரில் முகத்தை வைத்ததும் உதடு மட்டும் சுரீர் என்றது, இரண்டு நிமிடத்தில் மரத்தேவிட்டது. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை, அந்த நீலம் மட்டும்தான். நூறு மீட்டர் தூரம் வரை தெரிகிற தண்ணீர், அடியில் கிடக்கும் பாறையைப் பார்த்தால் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் வயிற்றைப் பிசைகிறது. ஆறு பேருக்கு ஒரு வழிகாட்டி. பாதியில் அவர் வாயிலிருந்த ஸ்னார்க்கல் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டு அந்தத் தண்ணீரையே குடித்துக் காட்டினார், நானும் குடித்தேன்.

சோல்ஹேமயோகுல் பனியாற்று நடையும் அப்படித்தான். ஷூவுக்கு அடியில் இரும்புப் பற்கள் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம். பனி என்றால் வெள்ளை என்று போனேன், பாதிக்கு மேல் கறுப்பு, எல்லாம் பழைய எரிமலைச் சாம்பல். எங்களை அழைத்துப்போன பெண் குறுக்கே நின்று ஒவ்வொருவர் பட்டையையும் தானே இழுத்துப் பார்த்த பிறகுதான் முதல் அடி வைக்கவிட்டாள். பனியாறு பின்வாங்கிக்கொண்டே போகிறது, பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் 2010 முதல் வருடா வருடம் வந்து அளக்கிறார்கள் என்றாள். முன்பு பனி இருந்த இடத்தில் இப்போது ஏரி. வாகன நிறுத்தத்திலிருந்து பனியைத் தொடவே வருடத்துக்கு வருடம் கூடுதலாக நடக்க வேண்டியிருக்கிறதாம்.

இரண்டுக்கும் வந்து சேர வேண்டிய நேரம், இடம் சொல்லியிருந்தார்கள். போனேன், அந்த நிமிடத்தில் ஆள் நின்றார். கோல்டன் சர்க்கிளில் ஸ்ட்ரோக்கூர் வெந்நீர் ஊற்றுகூட 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒரு முறை பீறிட்டுவிடுகிறது. பூமிக்கு அடியில் கொதிக்கிற தண்ணீருக்கு இருக்கிற நேர ஒழுங்கு ஒரு மினிவேனுக்கு இல்லை.

சரி, அரோரா. 2022 நவம்பரில் வாங்கிய டிக்கெட் 8,000 ஐஸ்லாந்து குரோனாவுக்கு மேல். ஒளி தெரியாவிட்டால் இரண்டு வருடத்துக்குள் இன்னொரு நாள் சும்மா வரலாம் என்று அதில் இருந்தது. அன்று மேகம், மூன்று மணி நேரம் இருட்டில் உட்கார்ந்து பூதக் கதை கேட்டுவிட்டுத் திரும்பினோம். அந்த இலவச வாய்ப்பை மறுநாளுக்கே கேட்டேன், சாயங்காலமே டூர் ரத்து என்று மின்னஞ்சல் வந்துவிட்டது. அதைப் பாராட்ட வேண்டும், ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஜூலையில் ராத்திரியே இருட்டாது என்பதால் 2024 மார்ச்சில்தான் அந்த டிக்கெட்டை மறுபடி எடுத்தேன். அன்றைக்கு வடக்கே சாம்பலை மெழுகியதுபோல் ஒரு பட்டை. மேகம் என்றே நினைத்தேன். வழிகாட்டி போனை எடுத்து மூன்று விநாடி வைத்துப் படம் எடுத்தார், திரையில் பச்சை. இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும், அது அறிவியல்தான். ஆனால் மறுநாள் வந்த மின்னஞ்சலில் 'நேற்று ஒளி தெரிந்தது, வாழ்த்துகள்' என்றிருந்தது. என் டிக்கெட் தீர்ந்துவிட்டது. என் கண் பார்த்ததா, அவர் போன் பார்த்ததா என்று எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. பணம் வரவில்லை.

2024 அக்டோபரில் மறுபடி காசு கொடுத்து எடுத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. சூரியன் தன் 11 ஆண்டுச் சுழற்சியின் உச்சக்கட்டத்துக்கு வந்துவிட்டதாக நாசா அறிவித்த மாதம் அது. அன்று சாலையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி, பக்கவாட்டுக் காற்று. அந்த ஓட்டுநர் எதுவுமே நடக்காததுபோல் ஓட்டினார். நான் கார் எடுத்திருந்தால் முதல் வளைவிலேயே பள்ளத்தில் கிடந்திருப்பேன், இதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஓரிடத்தில் நிறுத்தி விளக்கையெல்லாம் அணைத்தார்கள். இறங்கினால் தலைக்கு நேர் மேலே யாரோ புடவையை உதறுவதுபோல் பச்சை, ஓரத்தில் இளஞ்சிவப்பு, வெறும் கண்ணுக்கே. பஸ்ஸில் வரும்போது முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகும் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் போட்டேன். அன்று வேன் நாற்பத்தைந்து நிமிடம் தாமதம்.

நண்பா, நீ என்ன செய்ய வேண்டும் என்றால், டிக்கெட்டைப் போன அன்றே பயன்படுத்து, முதல் இரவு ரத்தானாலும் மிச்ச இரவுகள் கையில் இருக்கும். வானிலைத் துறையின் அரோரா வரைபடத்தைப் பார்க்கும்போது பச்சையைக் கண்டு குதிக்காதே, அதில் பச்சை என்றால் மேகம், வெள்ளைதான் தெளிந்த வானம். பிப்ரவரியில் கார் எடுக்கிற வீம்பு வேண்டாம். பிக்கப் கட்டத்தில் டிக் பண்ணாதே. பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு, எல்லோர் ஷூவிலும் ஆணிப்பட்டை மாட்டி, சர்ச் பின்பக்கத் தெரு வழியாக இறங்கி டெர்மினலுக்கே நடந்துவிடு. உள்ளே ஹீட்டர் இருக்கிறது, பெஞ்ச் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது.