மலை ஏற்றத்தில் இழுவை இல்லையா? புளூடூத் ஸ்கானரால் எவ்வளவு கண்டுபிடிக்கலாம்

வன்னிக்குள் மட்டும் ஓடுகிற காரில் இழுவைக் குறை இலேசில் தெரியாது. வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 தட்டை றோட்டு. 60, 70இல் போவதற்கு எஞ்சினின் பலத்தில் காற்பங்குகூடத் தேவைப்படாது. அதே கார் கண்டிக்குப் போகும்போது, மாத்தளை தாண்டிப் பலகடுவ ஏற்றத்தில் திணறும். திரும்பி வந்து கராஜில் விட்டால் அதுவும் தட்டை நிலம். மெக்கானிக் ஓட்டிப் பார்த்தாலும் குறை வெளியே வராது. பிறகு பிளக், பில்டர், பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிக் காசு கரையும். இந்த இடத்தில்தான் ஈ.எல்.எம். 327 என்ற சின்ன ஸ்கானர் கைகொடுக்கிறது. காரின் ஓ.பி.டி. சொக்கெட்டில் செருகினால் எஞ்சின் கம்பியூட்டரின் அளவுகளைப் போனில் காட்டும். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற கொயில் ஒன்றைப் புதிதாக வாங்கும் விலைகூட வராது.

சந்தையில் உள்ளவை பெரும்பாலும் நகல்கள். 1.5 என்று பதிப்பு எண் போட்டவையும் நகல்தான்; மூல நிறுவனம் அந்த எண்ணில் எதையும் வெளியிடவே இல்லை. ஆனாலும் 2.1 என்று போட்டவற்றை விட அவை நம்பகமானவை. 2.1 நகல்கள் பலவற்றில் சில கட்டளைகள் வேலை செய்யாது. கே-லைன் என்ற தரவுத் தொடர்பு முறையைப் பாவிக்கிற பழைய ஜப்பான் கார்களோடு இணையாமலும் போகும். ஐபோன்காரர் வைபை அல்லது புளூடூத் எல்.ஈ. வகையைப் பார்த்து வாங்க வேண்டும்.

பழுதுக் கோட் வாசிக்க மட்டும் இதை வாங்குவதென்றால் வாங்கவே வேண்டாம். ஏற்றத்தில் இழுவை குறைகிற கார்களில் பாதி நேரம் எஞ்சின் லைட் எரிந்திருக்காது, கோட்டும் இருக்காது. ஓடும்போது வருகிற அளவுகளைப் பதிவுசெய்வதில்தான் இதன் பெறுமதி இருக்கிறது. நகல்கள் மெதுவாக வாசிப்பவை என்பதால் நாலு அளவுகளை மட்டும் தெரிவுசெய்யுங்கள்: எஞ்சின் சுற்று, வேகம், காற்றளவு (எஞ்சின் இழுக்கும் காற்று), நீண்டகாலப் பியூவல் ட்ரிம் (கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டியோ குறைத்தோ திருத்தும் சதவீதம்). போனை ஓட்டுநர் பார்க்கக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் வைத்திருக்கட்டும்.

ஏற்றம் இல்லாத ஊரில் ஏற்றத்தை உண்டாக்கும் வழி இது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு, வெறிச்சோடிய நேரான துண்டில் இரண்டாம் கியரில் 30இலிருந்து தொடங்கி அக்ஸிலேட்டரை முக்கால்வாசி அழுத்தி 4000 சுற்று வரை கொண்டுபோங்கள். முழுவதும் அழுத்தினால் கம்பியூட்டர் ஒக்சிசன் சென்சரைக் கவனிக்காமல் விட்டுவிடும்; ட்ரிம் அப்படியே உறைந்து நிற்கும்.

1500 சிசி பெற்றோல் எஞ்சின் ஆரோக்கியமாக இருந்தால் 4000 சுற்றில் காற்றளவு செக்கனுக்கு 45 முதல் 50 கிராம் வரும். ட்ரிம் கூட்டல் கழித்தல் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். காற்றளவு சரியாக இருந்து, அழுத்தும்போது ட்ரிம் கூட்டல் 15, 20 என்று ஏறினால் பெற்றோல் போதவில்லை: பம்ப், அல்லது தாங்கிக்குள் இருக்கும் பில்டர். காற்றளவும் குறைந்து ட்ரிமும் ஏறினால் காற்றளவுச் சென்சரில் அழுக்கு. முத்தையன்கட்டு, நெடுங்கேணிப் பக்கக் கிரவல் தூசியில் ஓடுகிற கார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். அதற்கென்றே விற்கிற ஸ்பிரேயை அடித்துக் காயவிடுங்கள். கம்பியில் விரலோ துணியோ படக்கூடாது, காபரேட்டர் கிளீனர் வேண்டவே வேண்டாம். காற்றளவு குறைந்து ட்ரிம் மட்டும் ஒழுங்காக நின்றால் உண்மையிலேயே காற்றுப் போகவில்லை: எயார் பில்டர் அடைத்திருக்கும், அல்லது புகைக்குழாயில் உள்ள கொன்வேட்டர் அடைத்திருக்கும். நின்ற இடத்தில் ட்ரிம் அதிகமாகி, சுற்றைக் கூட்டக் கூட்டக் குறைந்தால் எங்கோ வக்கூம் கசிகிறது, அளக்கப்படாத காற்று உள்ளே நுழைகிறது. அது மலை ஏற்றத்துக் குறை அல்ல. காற்றளவுச் சென்சர் இல்லாமல், உள்ளிழுக்கும் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மாப் சென்சர் மட்டும் உள்ள கார்களுக்கு இந்தக் காற்றளவுக் கணக்குப் பொருந்தாது.

சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் எஞ்சினைத் தொடவேண்டாம், கியர்ப்பெட்டியைப் பாருங்கள். சீ.வீ.ரி. (படிகள் இல்லாத ஓட்டோ கியர்) கார்களில் சாதாரணமாகவே சுற்று முந்தும்; ஆனால் நிலையாகப் போகும்போது சுற்று துள்ளினால் வழுக்கல்தான்.

ஏற்றத்தில் வெட்டி வெட்டிப் போவது பெரும்பாலும் கொயில், பிளக். பாரம் கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். பலவீனமான கொயில் அங்கேதான் தோற்கும். ஸ்கானர் பி0301 (முதலாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது) என்று காட்டினால் முதலாம், இரண்டாம் கொயில்களை ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் போடுங்கள். கோட் பி0302 ஆனால் கொயில்தான் பழுது. மாறாவிட்டால் பிளக்கைக் கழற்றி இடைவெளியைப் பாருங்கள். அக்ஸியோ, விற்ஸ் 1500 எஞ்சினுக்கு 1.0 – 1.1 மி.மீ.

இந்த ஸ்கானரால் முடியாத வேலைகள் இரண்டு, இரண்டும் முக்கியமானவை. அக்ஸியோ, விற்ஸ் 1500 எஞ்சினின் பெற்றோல் அழுத்தம் 44 – 50 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும், அதைக் கேஜ் பூட்டித்தான் அளக்கலாம். கொன்வேட்டர் அடைப்பை உறுதிசெய்ய, முன் ஒக்சிசன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் கேஜ் பூட்ட வேண்டும். 2500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.யைத் தாண்டினால் அடைப்பு. இந்தச் சோதனைகள் இல்லாமல் பம்பையோ கொன்வேட்டரையோ மாற்றச் சொல்கிற கராஜை நம்பாதீர்கள்.

நுவரெலியா வரை போகிறவர்கள் இன்னொரு அளவையும் பார்க்கலாம். வளியமுக்கம் வவுனியாவில் 100 கிலோபஸ்கல் அளவில் நிற்கும், அங்கே 81 அளவுக்கு இறங்கும். டேர்போ இல்லாத எந்தக் காரும் அந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். பழைய டவுன்ஏஸ், டொல்பின் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஸ்கானரால் பயனில்லை, அவற்றில் சொக்கெட்டே கிடையாது. மற்றவர்கள் வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். நாட்கணக்கில் செருகியபடி விட்டால் பற்றரி இறங்கிவிடும்.