தேர்ட் பார்ட்டியா, ஃபுல் இன்சூரன்ஸா, பம்பர் டு பம்பரா: எந்தக் காருக்கு எது?

கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாள் நெருங்கினால் ஏஜென்டிடம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு வரும்?" அதற்கு முன்பு கேட்க வேண்டியது, நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் யாருக்கு, எதற்குப் பணம் வரும் என்பது. அந்தக் கணக்கில்தான் மூன்று பாலிசிகளும் பிரிகின்றன.

தேர்ட் பார்ட்டி சட்டப்படி கட்டாயம். இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பிரீமியத்தை அரசே நிர்ணயிப்பதால் கம்பெனி கம்பெனியாக விலை விசாரிப்பது வீண். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897, ஜிஎஸ்டி தனி. உங்கள் கார் மோதி ஒருவர் இறந்தாலோ ஊனமடைந்தாலோ, தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீடு எத்தனை லட்சமானாலும் கம்பெனி கட்டும். அடுத்தவர் வண்டி, சுவர் போன்ற சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. உங்கள் காருக்கு மட்டும் ஒரு பைசா கிடையாது. திருடு போனாலும் அதே கதி.

இது பலருக்கும் தெரியும். தெரியாதது இன்னொன்று. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியில், உங்கள் காருக்குள் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ நண்பருக்கோ பாதுகாப்பு இல்லை. பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்வது, இருந்தால் அவர்களுக்கும் இழப்பீடு உண்டு. 2012-இல் உச்ச நீதிமன்றமே இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கூடவே எடுக்கும்படி சொல்லும் 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும்தான். குடும்பத்தோடு ஊருக்குப் போய்வரும் கார் என்றால், எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டால் முழுச் செலவும் வந்துவிடுமா? வராது. மூன்றரை வயதுக் கார் ஒன்று முன்பக்கம் இடித்துக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். பம்பர் 12,000, ஃபெண்டர் 10,000, பெயின்ட் 8,000, லேபர் 4,000. மொத்தம் 34,000 ரூபாய். கம்பெனி அனுப்பும் சர்வேயர் தேய்மானம் என்று பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதி கழிப்பார், அதில் 6,000 போச்சு. இரும்புத் தகடான ஃபெண்டருக்கு இந்த வயதில் 25 சதவீதம், 2,500. பெயின்ட் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து, அதில் பாதியான 1,000 கழியும். சிறிய காருக்குக் கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. ஆக 10,500 ரூபாய் உங்கள் கையிலிருந்து.

இதே காருக்குப் பம்பர் டு பம்பர், அதாவது தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் சேர்த்திருந்தால் கட்டாயக் கழிவான அந்த 1,000 மட்டும் கட்டினால் போதும். டயர், பேட்டரிக்கு விதி வேறாக இருக்கலாம். வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம் என்ற கட்டுப்பாடும் இருக்கலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போதைய கார்களில் முன்னும் பின்னும் பிளாஸ்டிக்தான். அதனால் ஐந்து வயது வரை ஜீரோ டெப்பை விடவே கூடாது என்பேன்.

ஆனால் வெள்ளத்தில் ஜீரோ டெப்பும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் கார்கள் மூழ்கினவே, அப்போது பலருக்கு இடி இறங்கியது இன்ஜினில்தான். தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சீட், வயரிங் சேதத்துக்குப் பணம் தரும் கம்பெனி, இதை நீங்களாக வரவழைத்த பின்விளைவு என்று தள்ளிவிடும். இன்ஜின் புரொடெக்ட் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வேளச்சேரி, முடிச்சூர் போலத் தண்ணீர் தேங்கும் பகுதியில் தரையில் கார் நிறுத்துபவருக்கு ஜீரோ டெப்பைவிட இதுவே முக்கியம். சேர்த்திருந்தாலும் சாவியைத் திருகாதீர்கள்; டோயிங் வண்டியைக் கூப்பிடுங்கள்.

பன்னிரண்டு வயதுக் கார் என்றால் தேர்ட் பார்ட்டி போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். நான் அரை மனதோடுதான் ஒப்புக்கொள்வேன். காரின் ஐடிவி, அதாவது கம்பெனி ஒத்துக்கொள்ளும் மதிப்பு, ஒரு லட்சத்துக்கு இறங்கிவிட்டால் சொந்தச் சேதத்துக்கான பிரீமியமும் கூடவே இறங்கிவிடும். அந்தச் சிறு தொகைக்கு உள்ளே இருப்பவர்களும் பாதுகாக்கப்படுகிறார்கள். வண்டியை எப்போதாவது தனியாக மட்டும் எடுப்பவர் வேண்டுமானால் தேர்ட் பார்ட்டியோடு நின்றுகொள்ளலாம்.

அப்புறம், இரண்டு கம்பெனிகளின் கொட்டேஷனை ஒப்பிடும்போது ஐடிவி ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைக் குறைத்துத்தான் பல இடங்களில் பிரீமியத்தைக் குறைத்துக் காட்டுகிறார்கள்; கார் திருடு போனால் அந்தக் குறைந்த தொகைதான் வரும். கம்பெனி மாறினாலும் க்ளெய்ம் இல்லாத வருடங்களுக்கான என்சிபி தள்ளுபடி உங்களோடு வரும், 50 சதவீதம் வரை. பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் விட்டுவிட்டால் மட்டும் அது போய்விடும்.