தாம்பரம் ஸ்டேஷனும் என் சீசன் டிக்கெட்டும்: 1999 முதல் இன்று வரை

முதல் சீசன் டிக்கெட் எடுத்தது 1999 ஜூனில். சென்னைக்குத் தெற்கே தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை, 18 ஸ்டேஷன். வீடு கிழக்குத் தாம்பரத்தில், வேலை பாரிமுனையில். வேலை இரண்டு முறை மாறியது, வண்டி மாறவில்லை. புதிதாகத் தாம்பரம் பக்கம் குடிவருகிறவர்கள் 'ட்ரெயின் வசதி எப்படி?' என்று என்னைக் கேட்காமல் இருப்பதில்லை. அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

எங்கள் அம்மா இந்த வண்டியை வெறுமனே 'ரயில்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. விழுப்புரம், திருச்சி போனால்தான் அவருக்கு ரயில். இது 'எலக்ட்ரிக் ட்ரெயின்'. 1931-ல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி கடற்கரை - தாம்பரம் தடத்தில் மின்சார வண்டி விட்டபோது, சுற்றுவட்டாரத்தில் ஓடிய மற்ற வண்டிகளெல்லாம் கரியைத் தின்று புகை கக்கியவை. மீட்டர் கேஜ் பாதையில், அதாவது தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் இருக்கும் பாதையில், மின்சார வண்டி ஓடியது இந்தியாவிலேயே இங்கேதான் முதலில். அன்று ஒட்டிய பெயர் இன்னும் போகவில்லை.

தாம்பரம் அப்போது ஊருக்கு வெளியே. நல்ல காற்று கிடைக்கும் என்று 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோய் சானடோரியம் கட்டிய இடம். அதற்குத் தனியாக ஒரு ஸ்டேஷனே இருக்கிறது, தாம்பரத்துக்கு முந்தைய நிறுத்தம். கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் பாரிமுனைப் பக்கத்திலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. அதே தூரத்தை எதிர்த்திசையில் நான் தினமும் போகிறேன். மின்சார வண்டி வராமல் இருந்திருந்தால் எங்களைப் போன்ற சம்பளக்காரர்கள் இவ்வளவு தெற்கே வீடு பார்த்திருக்கவே மாட்டோம்.

நான் சேர்ந்த காலத்தில் மீட்டர் கேஜ் வண்டி. குறுகலான பெட்டி. எதிர் சீட்டில் இருப்பவர் முழங்காலோடு நம் முழங்கால் இடிக்கும். பேச்சு தானாக ஆரம்பித்துவிடும். 2004 ஜூலையோடு அந்த வண்டிகள் நின்று, எல்லாமே அகலப்பாதை ஆயின. இடம் தாராளமானது, ஆனாலும் எனக்கு அந்தப் பழைய பெட்டியின் மேல் பாசம் விடவில்லை.

லேடீஸ் கம்பார்ட்மென்ட் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். குரோம்பேட்டையில் ஏறும் ஓர் அக்கா மடியில் ஈரத்துணி விரித்து மல்லி கட்டுவார். இரண்டு பூ இந்தப் பக்கம், இரண்டு பூ அந்தப் பக்கம், வாழைநார் ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும், விரல் நிற்காது. மாம்பலம் வருவதற்குள் நாலு முழம் முடிந்துவிடும். மீதிப் பூவை எங்களுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்துவிட்டு இறங்குவார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. 2008-ல் நான் பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஒன்றுமே கேட்காமல் எழுந்து இடம் கொடுத்தார்.

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கில் வண்டி நின்றது. அந்த நவம்பர் கடைசியில் கூட்டமில்லாத நேரத்தில் பெண்கள் போகலாம் என்று அறிவித்ததும் ஓடிப் போய் ஏறினேன். காலிப் பெட்டியில் உட்கார்ந்தபோது அழுகை வந்துவிட்டது. அந்த எட்டு மாதத்தில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்த காசை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. எழும்பூருக்குப் பத்து ரூபாயில் போகிற ஊர் இது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். காலையில் செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி தாம்பரம் வரும்போதே நிரம்பியிருக்கும். தாம்பரத்திலேயே புறப்படும் வண்டியைப் பிடியுங்கள், உட்கார இடம் கிடைக்கும். எந்தப் பிளாட்பாரம் என்று தெரியாமல் முன்கூட்டியே கீழே இறங்காதீர்கள். நடைமேம்பாலத்தின் மேலேயே நின்று, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று வரும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பழகியவர்கள் எல்லாம் படிக்கட்டு உச்சியில்தான் நிற்பார்கள். டிக்கெட்டுக்கு வரிசையில் நிற்க வேண்டாம், மொபைல் ஆப்பிலேயே எடுக்கலாம். கிண்டியில் இறங்கினால் மெட்ரோ. பூங்காவில் இறங்கினால் எதிரே சென்ட்ரல்.

2025 ஏப்ரலில் ஏசி வண்டி வந்தது. குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய், சாதாரண வண்டியில் 5. மே மாத மதியத்தில் ஒருமுறை ஏறினேன், சுகமாக இருந்தது. கதவு தானாக மூடிக்கொள்வதால் படியில் தொங்குவதற்கு இடமில்லை, அதுவே பெரிய நிம்மதி. தினமும் போக என் சம்பளம் இடம் கொடுக்காது.

குறையும் உண்டு. இந்தத் தடத்தில் ஒரு ஸ்டேஷனில், பெயர் வேண்டாம், நகரும் படிக்கட்டு பல வாரம் ஓடாமல் நின்றது. முழங்கால் வலியோடு அம்மா கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக ஏறினார். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கியபோது, கீழே சிலர் தண்டவாளத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். 'நானும் அப்படியே போயிருக்கலாம்' என்றார். பயந்துவிட்டேன். மேம்பாலம் ஏற முடியாதவர்தான் தண்டவாளத்தில் இறங்குகிறார். லிஃப்டும் படிக்கட்டும் ஓடுவது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அப்புறம், தாம்பரத்துக்குத் தெற்கே வண்டிகளின் எண்ணிக்கை குறைவு. கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம் வீடு பார்ப்பவர்கள் வாடகையை மட்டும் பார்க்காமல் கால அட்டவணையையும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மாலையில் திரும்பும்போது, கோட்டையில் வேலை முடிந்தாலும் கடற்கரைக்குப் போய் ஏறுங்கள். அங்கேதான் வண்டி காலியாக நிற்கும். இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், மேற்கு வெயில் படாது.