மைனரின் முன்பக்கம்: லீவர் சொக்கைச் செப்பனிடுவதா, ரெலஸ்கோப்பிக் பூட்டுவதா?

மொறிஸ் மைனர் கார் ஒன்று ஒழுங்கைக் குழிக்குள் இறங்கி ஏறும்போது முன்பக்கம் "டொக்" என்று தட்டினால், யாழ்ப்பாணத்தில் மூன்று விதமான யோசனை காதில் விழும். பழைய லீவர் ஆம் சொக்கை, அதாவது கை போல நீண்ட லீவரால் இயங்கும் துள்ளல் அடக்கியை, செப்பனிட்டுப் பூட்டு என்பார் ஒருவர். அதைத் தூக்கி எறிந்துவிட்டு, குழாய்க்குள் குழாய் இறங்கும் ரெலஸ்கோப்பிக் சொக் போடு என்பார் அடுத்தவர். ஸ்பிரிங்காக முறுகும் உருக்குத் தண்டான ரோர்சன் பாரையே கழற்றிவிட்டு, சொக்கைச் சுற்றிக் கொயில் ஸ்பிரிங் வரும் கொயில் ஓவர் போட்டால்தான் கார் புதுசு மாதிரி ஓடும் என்பார் மூன்றாமவர். தட்டுவது சொக்தானா என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அதனால் ஒப்பீட்டுக்கு முன் ஒரு சோதனை. முன் சில்லைத் தரையிலிருந்து தூக்கி, செஸிக்குக் கீழே ஸ்ராண்ட் வையுங்கள். சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் குற்றம் சில்லு பெயரிங்கில். மிதித்த பிறகும் ஆடினால் ட்ரனியனில் (சில்லைத் தாங்கும் பின்னின் முனையிலுள்ள திருகு மூட்டில்), அல்லது லீவர் சொக்கின் தண்டில். பிறகு ரயருக்குக் கீழே ஒரு அலவாங்கைக் கொடுத்து நெம்புங்கள். சில்லு மேலும் கீழும் அசைந்தால் ட்ரனியனின் புரி தேய்ந்திருக்கிறது. இந்த நிலையில் எந்தச் சொக்கை மாற்றினாலும் காசு வீண். அலைன்மென்ற் (சில்லுகளின் கோணம் திருத்தல்) செய்தாலும் வீண்.

1948இல் அலெக் இசிகோனிஸின் வடிவமைப்பில் வந்த இந்தக் காரில், சில்லைத் தாங்கும் செங்குத்துப் பின்னின் இரண்டு முனையிலும் புரி உண்டு. மேலும் கீழும் உள்ள ட்ரனியன்கள் அந்தப் புரியில்தான் திருகி நிற்கின்றன. ஸ்ரியறிங்கைத் திருப்பும்போதெல்லாம் புரி புரியோடு உராயும். கிறீஸ் வற்றினால் கீழ்ப் புரி மெல்ல மெல்லக் கூர்மையாகி, ஒருநாள் கழன்றுவிடும். சில்லு மடிந்து மட்கார்டுக்குள் போகும். ஸ்ரியறிங்கை முழுக்கத் திருப்பிக் கொண்டு கேற்றுக்குள் நுழையும்போது நடந்தால் தப்பினீர்கள். பரந்தன் தாண்டி ஏ9 வீதியில் நடந்தால் நினைக்கவே வேண்டாம். போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிப் பிழைத்த கார்கள் இவை. எஞ்சினைக் காப்பாற்ற மூளையைக் கசக்கிய காலத்தில் கிறீஸ் நிப்பிளை யார் பார்த்தார்கள்?

ட்ரனியனுக்குக் கிறீஸ் அடிக்கும்போது சில்லு தூக்கியபடி இருக்க வேண்டும். கார் தன் பாரத்தில் நின்றால் புரியின் அழுந்திய பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. பக்கத்துக்கு இரண்டு நிப்பிள், மேலே ஒன்று, கீழே ஒன்று. பழைய கிறீஸ் வெளியே பிதுங்கி, புதுக் கிறீஸ் தெரியும்வரை அடியுங்கள். 1000 மைலுக்கு, அதாவது 1600 கிலோமீற்றருக்கு ஒருமுறை அடித்தால் போதும். குறைவாக ஓடும் கல்யாணக் கார் என்றால் மாரி தொடங்க முதல் ஒருமுறை, முடிந்த பிறகு ஒருமுறை. ஒரு பக்கத்து ட்ரனியன் மற்றப் பக்கத்துக்குப் பொருந்தாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் இடமா வலமா என்று பார்த்து வாங்குங்கள். செங்குத்துப் பின் தேய்ந்திருக்க ட்ரனியன் மட்டும் புதிது என்றால், அந்தப் புதுசும் கெதியில் தேயும். இரண்டையும் சோடியாக மாற்றுவதுதான் வழி.

இனி சொக்குக்கு வருவோம்.

மைனரின் லீவர் சொக் இரண்டு வேலை செய்கிறது. ஓயிலை அமுக்கித் துள்ளலை அடக்குவது ஒன்று. சில்லின் மேல் முனையைப் பிடித்து வைத்திருக்கும் கையும் அதுதான் என்பது மற்றது. இந்த இரண்டாவது வேலையை மறந்துவிட்டு எடுக்கும் முடிவுகள்தான் பின்னர் காலை வாருகின்றன. சொக்கின் தண்டு தேய்ந்து பக்கவாட்டில் ஆடினால், ஓயில் நிறைய இருந்தாலும் சில்லின் சாய்வு ஓடும்போதே மாறிக்கொண்டிருக்கும்.

செப்பனிடலாமா என்று தெரிய, சொக்கை நான்கு போல்ற் கழற்றி எடுத்து வைஸில் பூட்டுங்கள். சொக்கின் கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். முழுத் தூரமும் ஒரே சீராகக் கனத்தால் நல்லது. முதல் சில சென்ரிமீற்றர் வெறுமையாகப் போய்ப் பிறகு கனத்தால் உள்ளே காற்று, அல்லது ஓயில் குறைவு. மூடியைத் திறக்க முதல் சுற்றிலும் உள்ள மண்ணைத் தூரிகையால் துடையுங்கள். ஒரு மணல் துணிக்கை வால்வில் உட்கார்ந்தால் போதும், சொக் செத்துவிடும். 20 தடிப்புள்ள சொக் ஓயில் அல்லது மோட்டார் சைக்கிளின் முன் போர்க்குக்கு (fork) ஊற்றும் ஓயில் ஊற்றி, காற்றுக் குமிழ் நிற்கும்வரை கையை முழுத் தூரமும் பம்ப் பண்ணுங்கள். பிறேக் ஓயில் ஊற்றவே கூடாது. அது சீலைத் தின்னும். எஞ்சின் ஓயில் ஊற்றினால் சில நாளைக்கு "இறுக்கமாக இருக்கிறது" என்ற திருப்தி வரும், அவ்வளவுதான்.

ஓயில் தண்டு வழியே கசிந்தால் சீல் மட்டும் மாற்றி நிற்காது. தண்டும் அதன் பெயரிங் துளையும் தேய்ந்ததால்தான் சீல் போனது. லேத் பட்டறையில் துளையைப் பெருப்பித்து வெண்கலப் புஷ் (உள்வளையம்) அடித்துத் தண்டை மெருகிட வேண்டும். பொறுமையான லேத்காரர் கிடைத்தால் இதைவிட நல்ல தீர்வு இல்லை. கிடைக்காவிட்டால் செப்பனிட்ட சொக்கை வெளியில் இருந்து எடுப்பிப்பதே மேல்.

ரெலஸ்கோப்பிக் மாற்றத்தின் நன்மை உண்மையானது. சூடேறினாலும் தளர்வது குறைவு, பழுதானால் கழற்றி எறிந்து புதிதைப் பூட்டலாம், மேடு பள்ளத்தில் துள்ளல் சட்டென்று அடங்கும். ஆனால் இந்த மாற்றத்துக்கு விற்கும் பல கிற்களில் (பாகத் தொகுதிகளில்) பழைய லீவர் சொக்கின் உடல் அதே இடத்திலேயே நிற்கும், மேல் கையாக மட்டும். அப்படியானால் தண்டின் தேய்வு அப்படியே இருக்கிறது என்று அர்த்தம்! வால்வைக் கழற்றினாலும் ஓயிலை வடிக்கக் கூடாது. தண்டுக்கு அந்த ஓயில்தான் மசகு. "ரெலஸ்கோப்பிக் போட்டும் தட்டுது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கிற் வாங்க முதல் மேல் பிடி எங்கே பூட்டப்படுகிறது என்று பாருங்கள். தடித்த உருக்கில் வந்தால் சரி. மட்கார்டின் உள் தகட்டில் வந்தால், கறள் பிடித்த நம்மூர்த் தகடு சில மாதத்தில் வெடிக்கும். சொக்கின் நீளமும் முக்கியம். சில்லு முழுக்க மேலே வரும்போது றப்பர் கட்டை முதலில் முட்ட வேண்டும், சொக் அல்ல. முழுக்கத் தொங்கும்போதும் சொக் இழுபடக் கூடாது. முச்சக்கர வண்டிச் சொக்கோ, ஏதோ ஜப்பான் காரின் சொக்கோ கையில் கிடைத்தது என்று வெல்டிங் பிடித்துப் பூட்டுவது இந்த இரண்டு அளவிலும்தான் தோற்கிறது.

கொயில் ஓவரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரோர்சன் பாரின் முறுக்கு விசை முன் இருக்கைக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தில் போய் நிற்கிறது. கொயிலை மாட்டினால் காரின் முன்பாரம் முழுவதும் மேல் பிடியில் தொங்கும். காரை வடிவமைத்தபோது அந்த இடம் இதற்கு என்று கணக்கிடப்படவில்லை. கார்ப் பந்தயக்காரர்கள் சட்டம் பலப்படுத்திச் செய்வது வேறு கதை. மலையும் இல்லை, கொண்டையூசி வளைவும் இல்லை என்ற குடாநாட்டில் இதற்கு என்ன தேவை?

முன்பக்கம் தாழ்ந்துவிட்டது என்பதற்காகக் கொயில் ஓவர் தேடுகிறவர்கள், ரோர்சன் பாரின் பின் முனையை மாற்றிப் பூட்டி உயரத்தைக் கூட்டலாம் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். பாரின் முனையிலுள்ள பல்லையும் அது பூட்டப்படும் லீவரையும் பெயின்றால் அடையாளமிட்டுவிட்டுத் தொடங்குங்கள். சில்லின் கீழ்ப் பக்கத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் அடியில் ஜக் வைத்துப் பாரத்தை ஏற்றிக்கொண்டுதான் மேல் பூட்டைக் கழற்ற வேண்டும், பிறகு ஜக்கை மெல்ல இறக்கி முறுக்கை விட வேண்டும். ஜக் இல்லாமல் கழற்றினால் உங்கள் கை முறியும். ஓடிப் பழகிய இடப் பாரை வலப்பக்கம் மாற்றிப் பூட்டாதீர்கள். ஒரு திசையில் முறுகிப் பழகிய உருக்கு எதிர்த் திசையில் முறிந்துவிடும். பாரின் மேல் உளியோ அரமோ படவும் கூடாது. ஒரு கீறல்தான் வெடிப்பின் தொடக்கம். பண்ணைப் பாலத்தாலும் காரைநகர்ப் பாலத்தாலும் நாள்தோறும் போகிற கார்களுக்கு உப்புக் காற்றால் பாரில் குழிக் கறள் விழும். அதுவும் கீறல் மாதிரித்தான். கழுவி, காயவிட்டு, பெயின்ற் அடித்து வையுங்கள்.

கைகளின் மூட்டிலுள்ள புஷ்ஷுக்கு றப்பரா, பொலியூரெத்தேன் பிளாஸ்ரிக்கா என்ற கேள்விக்குத் தீர்ப்பு பாதிக்குப் பாதி. கீழ்க் கையைச் செஸியில் பிடிக்கும் வளையப் போல்ற்றான ஐபோல்ற்றுக்குப் பொலியூரெத்தேன் நல்லது. அங்கே அசைவு ஒரே அச்சில்தான், மைனர் எஞ்சின் ஒழுக்கும் ஓயிலும் அதை ஊத வைக்காது. முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் ரை பாருக்கு றப்பரே போதும். அந்த முனை சற்று முறுகவும் வேண்டும், இறுகினால் அதிர்வெல்லாம் உடம்புக்கு வரும். றப்பர் புஷ்ஷின் நட்டைக் கார் நாலு சில்லிலும் நிற்கும்போது இறுக்குங்கள். தூக்கி வைத்து இறுக்கினால் றப்பர் முறுகியபடியே ஓடிக் கிழியும்.

அலைன்மென்ற்: நூலா, கொம்பியூட்டரா?

மைனரில் திருத்தக் கூடியது ரோ-இன், அதாவது முன் சில்லுகள் முன்பக்கத்தில் சற்று உள்ளே கூம்பும் அளவு, ஒன்றுதான். கேம்பர் (சில்லின் பக்கவாட்டுச் சாய்வு) 1 பாகை, காஸ்ரர் (சில்லு திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) 3 பாகை என்பது தொழிற்சாலை அளவு. அவற்றுக்குத் திருகாணி கிடையாது. கொம்பியூட்டர் கேம்பர் சிவப்பில் காட்டினால் அது ட்ரனியன், சொக் தண்டு, தாழ்ந்த பார், வளைந்த கை இவற்றில் ஒன்றைச் சொல்கிறது. கொம்பியூட்டரின் மதிப்பு அந்தச் சேதியில்தான். ரோ-இன் அளவு 3/32 அங்குலம், 2.4 மில்லிமீற்றர். இயந்திரம் பாகையில் கேட்டால் இரண்டு சில்லுக்கும் சேர்த்து ஏறக்குறைய 22 கலை (60 கலை ஒரு பாகை), ஒவ்வொன்றுக்கும் 11 கலை. ரேடியல் ரயர் போட்டவர்கள் 1/16 அங்குலத்துக்குக் குறைத்து வைப்பதுண்டு. நிலையத்தின் பட்டியலில் மைனர் இல்லாவிட்டால் ஏதோவொரு சின்னக் காரின் அளவைப் போட்டுவிடுவார்கள். தாளில் எழுதிக்கொண்டு போய்க் கையில் கொடுங்கள்.

நூல் முறையில் சமமான சீமெந்துத் தரை, மேசன் நூல், நான்கு ஸ்ராண்ட், உருக்கு அடிமட்டம் போதும். நான்கு ரயருக்கும் காற்று ஒரே அளவு, பழைய கணக்கில் 22 பீ.எஸ்.ஐ. காரை ஜக்கிலிருந்து இறக்கியதும் அளக்காமல், முன்னும் பின்னும் உருட்டி இருக்கவிடுங்கள். ஸ்ரியறிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எண்ணிப் பாதியில் நிறுத்துங்கள். நூலை ரயரில் உரசவிடாமல், சில்லு மையத்திலிருந்து சம தூரத்தில் இழுங்கள். முன் சில்லுகளின் இடைவெளி பின்னதைவிடச் சில மில்லிமீற்றர் அகலம், அந்த வித்தியாசத்தை இரு பக்கமும் பாதியாகப் பங்கிடுங்கள். றிம்மின் முன் ஓரத்தையும் பின் ஓரத்தையும் மைய உயரத்தில் அளந்து, சில்லு அரைச் சுற்றுச் சுற்றும்படி காரை உருட்டி மீண்டும் அளங்கள். றிம் நெளிவு இருந்தால் அப்போது பிடிபடும். ஸ்ரியறிங்கைச் சில்லோடு இணைக்கும் இரண்டு ரை றொட்டையும் சம அளவு திருப்புங்கள். ஒன்றை மட்டும் திருப்பினால் அளவு சரியாக வரும், ஸ்ரியறிங் கோணலாக நிற்கும். ஸ்ரியறிங் றாக்கின் (பற்சட்டத்தின்) றப்பர் உறை முறுகவும் விடாதீர்கள்.

பார்க்கப் போனால் ரோ-இன்னுக்கு நூலே போதும். ட்ரனியன் மாற்றிய பிறகு ஒருமுறை மட்டும் கொம்பியூட்டரில் ஏற்றிக் கேம்பரையும் காஸ்ரரையும் பாருங்கள். இரண்டு முன் ரயரும் வெளி ஓரத்தில் தேய்ந்தால் ரோ-இன் கூடிவிட்டது, உள் ஓரத்தில் தேய்ந்தால் ரோ-அவுட். ஒரு ரயர் மட்டும் உள் ஓரத்தில் தேய்ந்தால் அந்தப் பக்கத்துப் பாரும் சொக் தண்டும்தான் சந்தேகத்துக்குரியவை.

ஒஸ்ரின் ஏ40 சமர்செற் வைத்திருப்போருக்கு: அங்கே ரோர்சன் பார் இல்லை, கொயில் ஸ்பிரிங். றாக் இல்லை, ஸ்ரியறிங் பெட்டி. சொக்கின் கை மேல் இணைப்பாக நிற்பது மட்டும் இதிலும் அப்படியே. பெட்டியிலும் இணைப்புக் கைகளின் புஷ்களிலும் உள்ள ஆட்டத்தை எடுக்காமல் ரோ-இன் வைத்தால், அடுத்த குழி வரைக்கும்தான் அந்த அளவு. ஸ்பிரிங் கழற்ற நீண்ட திருகாணியால் அமுக்கி மெல்ல விடுங்கள், ஜக்கை நம்பாதீர்கள்.

வேலை முடிந்து 300 கிலோமீற்றர் ஓடியதும் ரை றொட் லொக் நட், ஐபோல்ற் நட், சொக்கின் நான்கு போல்ற் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். புது றப்பர் அமர்ந்ததும் நட் தளர்வது வழக்கம்.