'வீல்சேர் வசதி உண்டு' என்று சொல்லும் செட்டிநாட்டு வீடுகள்: டேப் வைத்த படம் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில், விருந்தினர் விடுதியாக மாற்றப்பட்ட பழைய செட்டிநாட்டு வீடு அது. விளம்பரத்தில் சக்கர நாற்காலிச் சின்னம் இருந்தது. போனில் கேட்டபோதும் "ராம்ப் இருக்குங்க, ரூம் கீழயேதான், அம்மாவுக்கு ஒரு சிரமமும் இருக்காது" என்றார்கள். முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். போய் இறங்கியபோது, சொன்னதில் அறை கீழ்த்தளத்தில் இருந்தது மட்டும்தான் உண்மை.

ராம்ப் என்றது ஆறடி ப்ளைவுட் பலகை. வாசலில் மூன்று படி, படிக்கு ஏழு அங்குலம், ஆக 21 அங்குலம் ஏற வேண்டும். சரிவுப் பாதைக்கான கணக்கு 1:12, அதாவது ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். இந்த வாசலுக்கு 21 அடி தேவை. ஆறடிப் பலகையில் ஏற்றினால் முன்சக்கரம் தூக்கிக்கொண்டு நாற்காலி பின்பக்கமாகச் சாயும். பலகையின் மேல்முனையைப் பிடித்து நிறுத்தக் கொக்கி இல்லை, அடியில் ரப்பரும் இல்லை. வழவழப்பான தரையில் பாரம் ஏறியதும் பலகை நழுவத் தொடங்கியது.

அதைத் தாண்டினாலும் அடுத்தது நிலை. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு என்கிற நடுமுற்றப் பகுதி, இரண்டாங்கட்டு என்று போகப்போக ஒவ்வொரு வாசலிலும் நிலையின் கீழ்க்கட்டை குறுக்கே நிற்கும். இங்கே அது நான்கு அங்குலம். கதவோ இரட்டைக் கதவு. ஒரு பக்கக் கதவைத் தாழ்போட்டு வைத்துவிட்டால் மிச்ச வழியில் ஆள்தான் நுழையலாம், 25 அங்குல அகலமுள்ள சாதாரண நாற்காலி நுழையாது. இரண்டையும் திறக்கச் சொன்னால், தேக்குக் கதவு, பல வருஷமாகத் திறக்கவில்லை என்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசம் குளியலறை. இந்த வீடுகள் கட்டப்பட்ட காலத்தில் அறையோடு சேர்ந்த குளியலறை கிடையாது. இப்போது வளவை ஒட்டிய அறையில் ஒரு மூலையைத் தடுத்துக் கட்டுகிறார்கள். பழைய ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்க்க மனமில்லாமல் அதன் மேலேயே குழாய் ஓட்டி, மூடித் தளம் போடுவதால் உள்தரை ஆறு அங்குலம் உயர்ந்துவிடுகிறது. கதவு இரண்டடி பிவிசி, அதுவும் உள்பக்கமாகத் திறக்கிறது. உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும், அங்கே இருந்தது நாலடிக்கு மூன்றடி. கைப்பிடி என்று காட்டியது துண்டு போடும் கம்பி. அதைப் பிடித்து ஒருவர் எழுந்தால் திருகாணியோடு கையில் வந்துவிடும்.

"நாலு பேர் இருக்கோம்ல, தூக்கி வச்சிடுறோங்கம்மா" என்பார்கள். மனசு நல்லதுதான், ஆனால் அனுமதிக்காதீர்கள். கைவைக்கும் பகுதியும் கால்தாங்கியும் பல நாற்காலிகளில் கழற்றக்கூடியவை. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் கழன்று ஆள் விழுவார். பேட்டரி நாற்காலியை ஆளோடு தூக்குவது நடக்காத காரியம். தவிரவும், கழிப்பறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நாலு பேரைக் கூப்பிட வேண்டிய இடத்தை வசதியான இடம் என்று எப்படிச் சொல்வது?

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "ஹெரிடேஜ் வீடு, எதையும் இடிக்க முடியாது" என்கிறார்கள். யாரும் இடிக்கச் சொல்லவில்லை. நாலு அங்குல நிலைக்கு இரு பக்கமும் நாலடி நீளத்தில் சாய்வுப் பலகை வைத்து, அடியில் ரப்பர் ஒட்டினால் கல்லிலும் மரத்திலும் ஒரு கீறல் விழாது, வேண்டாதபோது எடுத்தும் வைக்கலாம். செய்ய மனமில்லையா, சரி, சின்னத்தையாவது எடுத்துவிட வேண்டும்.

ஏமாந்தால் அங்கேயே டேப் பிடித்துப் படம் எடுங்கள்: படி, நிலை, கதவின் திறந்த அகலம், குளியலறை. விளம்பரத்தையும் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், புகார் போனதும் மாற்றிவிடுவார்கள். முதலில் 1915 நுகர்வோர் உதவி எண். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், சிவகங்கைக்கு அலைய வேண்டாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை; கெடு 2 ஆண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு தனியார் சேவைகளையும் உள்ளடக்கியது என்பதால், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.

முன்பதிவுக்கு முன் "வசதி இருக்கிறதா" என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்றுதான் பதில் வரும். காரிலிருந்து படுக்கை வரை எத்தனை படி, எத்தனை நிலை, ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள், டேப் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கதவு திறந்தபின் 32 அங்குலத்துக்குக் குறைந்தால் வேண்டாம். 36 இருந்தால் நிம்மதி. கழிப்பறை இருக்கை 18 அங்குல உயரமும், ஒரு பக்கம் நாற்காலி நிற்க மூன்றடி இடமும் வேண்டும். வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிவதால் பின்வாசலையும் விசாரியுங்கள், சில வீடுகளில் அந்தப் பக்கம் படி குறைவு. தோட்டத்தில் புதிதாகக் கட்டிய அறை இருந்தால் பெரும்பாலும் அதுவே மேல். பகலில் வளவு, இரவில் அந்த அறை என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரி நாற்காலி என்றால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள், பழைய வீடுகளில் ஸ்விட்ச் போர்டு ஐந்தடி உயரத்தில் இருக்கும்.