தாவரத் தொட்டிக்குக் கார்பன் டை ஆக்சைடு: ரெகுலேட்டர் நன்று, நீடில் வால்வு தொல்லை

மீன்தொட்டியில் வளரும் செடிகளுக்குச் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடை அழுத்தம் குறைத்து அனுப்பும் என் ரெகுலேட்டரில், வாயுவை மின்சாரத்தால் திறந்து மூடும் சோலனாய்டு வால்வின் சுருள் எரிந்து, புதியது பொருத்தப்பட்டு இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. அதே மாடலின் விலை வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்ட நண்பர் ஒருவர், “இப்போது வாங்கிவிடலாமா?” என்று கேட்டார். “வேண்டாம்” என்றேன். அந்த ஒற்றைச் சொல் கருவிக்கு நியாயம் செய்யவில்லை என்பதால் இந்த விளக்கம்.

கார்பன் டை ஆக்சைடு, காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுவதால், நீருக்குள் வளரும் செடிகளுக்கு அது எளிதில் கிட்டுவதில்லை. காற்றோடு சமநிலையில் இருக்கும் தொட்டி நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே கரைந்திருக்கும். அதை 20 முதல் 30 மில்லிகிராம் வரை உயர்த்திய பிறகு மான்டி கார்லோ செடி தரையோடு படர்ந்ததையும், விளக்கெரிந்த சில மணி நேரத்தில் ரொட்டாலா செடியின் இலைகளில் ஆக்சிஜன் குமிழ்கள் கோத்து நின்றதையும் பார்த்தவர் யாரும் பழைய தொட்டிக்குத் திரும்ப விரும்பமாட்டார். சோலனாய்டும் எரிந்துபோகும் வரை குறையின்றி உழைத்தது. மின்சாரம் போனால் தானே மூடிக்கொள்ளும் என்பதால் இரவு நேர மின்வெட்டுகூட எனக்குக் கவலை தந்ததில்லை.

என் கோபமெல்லாம் வாயு ஓட்டத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வின் மீதுதான். மாலையில் நொடிக்கு ஒரு குமிழி என்று வைத்துவிட்டுப் போனால், மறுநாள் காலை டைமர் திறக்கும்போது அது இரண்டாகவோ அரையாகவோ மாறியிருக்கும். மரை சற்றே தளர்ந்தது. கைப்பிடியைத் தொட்டாலே ஓட்டம் மாறுகிறது. சென்னைக் கோடை இதை மேலும் கெடுக்கிறது. 20 டிகிரியில் சிலிண்டருக்குள் 57 பார் அழுத்தம் என்றால், 30 டிகிரியில் அது 72 பார். 31 டிகிரியைத் தாண்டினாலோ உள்ளே திரவம் என்ற நிலையே இருப்பதில்லை. அழுத்தத்தை ஒரே படியில் குறைக்கும் ஒற்றைக் கட்ட ரெகுலேட்டரில் உள்ளழுத்தம் மாறினால் வெளியழுத்தமும் எதிர்த்திசையில் நகரும். சிலிண்டர் தீரும் தறுவாயில், மீட்டர் முள் சரியத் தொடங்கும் அதே நேரத்தில் குமிழிகள் பெருகுவதும் இதனால்தான். குமிழியின் பருமன் குமிழிகளை எண்ண உதவும் ஒவ்வொரு பபிள் கவுண்டருக்கும் வேறுபடுவதால், அடுத்தவர் சொல்லும் எண்ணிக்கையைப் பின்பற்றவும் வழியில்லை.

அளவு சரியா என்று காட்ட வேண்டிய டிராப் செக்கரோ (நிறம் மாறும் கரைசல் கொண்டு தொட்டிக்குள் பொருத்தும் சிறு குப்பி) நிதானமாகத்தான் பதில் சொல்லும். 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையுள்ள (இங்கே டிகிரி என்பது நீரின் கடினத்தன்மை அலகு) கரைசலில் புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி பச்சையானால், பி.எச். 6.6 அளவில், லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் என்று பொருள். வாயு தொட்டி நீரிலிருந்து வெளியேறி, இடையிலுள்ள காற்றைக் கடந்து, கரைசலுக்குள் புக வேண்டியிருப்பதால் நிறம் மாற இரண்டு மணி நேரம்கூட ஆகிவிடுகிறது. எட்டு மணிக்கு வால்வு செய்த குறும்பு பத்து மணிக்குத்தான், அளவு மிஞ்சியதைக் காட்டும் மஞ்சளாகத் தெரியும். அதற்குள் மீன்கள் நீர்ப்பரப்பில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். ஆக்சிஜன் போதிய அளவு இருந்தாலும், நீரில் கார்பன் டை ஆக்சைடு மிகும்போது மீனின் இரத்தத்திலிருந்து அது வெளியேற முடியாமல் தேங்கி, இரத்தம் ஆக்சிஜனை ஏற்பதையும் தடுத்துவிடுகிறது. ஆகவே ஃபில்டரின் வெளிக்குழாயை உயர்த்தி நீர்ப்பரப்பை எப்போதும் அலையவிட்டிருக்கிறேன். வாயு வீணாகிறது என்று சிலர் கடிந்துகொள்வார்கள். சிலிண்டரை நிரப்பும் செலவு மீன்களின் விலைக்கு முன்னால் ஒன்றுமில்லை.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன் போன்றவற்றை மிதமான வெளிச்சத்தில் வளர்க்கும் நண்பருக்கு இந்தக் கருவியே தேவையில்லை. தரைவிரிப்புச் செடிகள்தாம் வேண்டும் என்று அடம்பிடித்தால், இரட்டைக் கட்ட ரெகுலேட்டரும் நுண்மரை கொண்ட தனி நீடில் வால்வும் வாங்கட்டும். என்னுடைய மாடல் பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். நான் மட்டும் இதையே தொடர்ந்து பயன்படுத்துவேன். பழுது நீக்கப் பணம் கட்டியாகிவிட்டது, ரொட்டாலாவும் இவ்வாரம் மிக நன்றாக இருக்கிறது.